கல்பாசி வாங்க வந்த லென்ஸ் அம்மா: உங்களுக்கும் இப்படி யாராவது?

எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை. ரம்ஜான் சமயத்தில் கல்பாசி கிலோ கணக்கில் போகும், மற்ற நாளில் பத்து ரூபாய்ப் பொட்டலம்தான். ஒருநாள் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து, "நொறுங்காத துண்டா பொறுக்கிக்கலாமா தம்பி?" என்றார். பொறுக்கவிட்டால் மிச்சம் தூள்தானே என்று எனக்கு எரிச்சல். சரி போகட்டும் என்று டப்பாவை நீட்டினேன்.

கழுத்துக் கயிற்றில் தொங்கிய குட்டி லென்ஸைக் கண்ணில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து, கல்லா மேலேயே மூன்று குவியலாகப் பிரித்துவிட்டார். மேலே சாம்பல், அடியில் கறுப்பு என்று அகலமாக இருந்தது ஒன்று. மான்கொம்பு போல் கிளைத்தது இன்னொன்று. "ஒரே சரக்குன்னு விக்கிறீங்க, இதுல மூணு இனம் இருக்கே!"

லைக்கன் ஆராய்ச்சியில் முப்பது வருடம் போட்டு ஓய்வு பெற்றவராம். கல்பாசியும் ஒரு லைக்கன்தான், தனிச் செடி இல்லை, பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்க, பாசி உள்ளே உட்கார்ந்து உலை வைக்கிறது என்றார். 1860-களின் கடைசியில் ஷ்வெண்டனர் என்ற ஸ்விஸ் தாவரவியலாளர் இந்தக் கூட்டுக் குடித்தனத்தைச் சொன்னபோது, லைக்கனில் கரைகண்ட நைலாண்டரே கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். பையிலிருந்து சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ஒன்றை எடுத்து ஒரு துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டார். மஞ்சளாக மாறியது. நிறம் மாறுவதை வைத்து இனத்தைக் கண்டுபிடிக்கலாமாம். "இந்தச் சோதனையைக் கண்டுபிடிச்சவரும் அதே நைலாண்டர்தான்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு காலை அவரோடு நானும் நடந்தேன். மணலிப் பக்கம் லாரி போகிற சாலையில் மரம் மரமாகத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைத்தான் மரத்தின் பெயர், உயரம், திசையோடு எழுதிக்கொண்டார்! புகையில் இருக்கும் கந்தக டை ஆக்ஸைடு லைக்கனுக்கு ஆகாதாம். பாரிஸ் நகருக்குள் மற்ற இடங்களில் இல்லாத லைக்கன்கள் லக்ஸம்பர்க் தோட்டத்தில் மட்டும் இருப்பதை 1866-இலேயே எழுதியவரும், அடடா, நைலாண்டர். திரும்பும்போது உள்தெரு மாமரம் ஒன்றில் நாலணா அளவுக்கு வெளிறிய வட்டம். பிக்ஸினே கோகோயிஸ், புகையைக் கொஞ்சம் தாங்கும் ரகம் என்றார். நான் பெயின்ட் சொட்டு என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்கு இப்படி யாரையாவது தெரியுமா?

— மருந்துக்கடைக்காரன்

எங்கள் கல்லூரி ஏற்காடு டூரில் ஒரு சார் இருந்தார். ஏரியும் பார்க்கவில்லை, எதுவும் பார்க்கவில்லை. ஒரே பாறையில் ஒன்றரை மணி நேரம். பாறையோடு ஒட்டிப் பிடித்த லைக்கனைச் சுத்தியலும் உளியும் வைத்துக் கல்லோடு பெயர்க்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. பையைத் தூக்கி வந்தது நான், கை விட்டுப் போச்சு. லக்னோவின் லைக்கன் ஆராய்ச்சியாளர் டி.டி. அவஸ்தி பேரை எடுத்தால் மட்டும் சார் குரல் இறங்கிவிடும். இந்தியா, நேபாளம், இலங்கை மூன்றுக்கும் சேர்த்து அவர் 1991-இல் போட்டுக் கொடுத்த அடையாள வழிகாட்டியின் ஜெராக்ஸ், அட்டை கிழிந்து சார் பையிலேயே கிடக்கும். 1992-இல் உலக அளவில் லைக்கன் ஆராய்ச்சிக்கான அச்சாரியஸ் பதக்கம் வாங்கியவர் அவஸ்தி. எங்கள் வகுப்பில் எத்தனை பேர் அதைக் கேட்டோம் என்று கேட்காதீர்கள்.

— எண்ணூர் பஸ்

லென்ஸ் அம்மா காசிமேடு கல்லறைக்கும் வந்திருக்கிறார்! கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், தாத்தா கல்லில் படிந்திருந்த வெள்ளைத் திட்டுகளை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயோ, அது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதும்மா." பாதிக் கல் ஏற்கெனவே பளபள. மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டேன். ஏன் இப்படி அரைகுறையாக விட்டாய் என்று அத்தை இன்னும் திட்டுகிறாள்.

— ராயபுரம் மேரி