மசாய் மாராவில் டென்ட் கேம்ப்: சிபேப் மெஷினோடு மாமியாரும் வருகிறார், எதையெல்லாம் முன்பே கேட்டுவைக்க வேண்டும்?

குறிஞ்சிப்பூ:

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகப் பகுதியில் மூன்று இரவு டென்ட் கேம்ப்பில் தங்கலாம் என்று பார்க்கிறோம். நான், கணவர், 10 வயதுப் பையன், 68 வயது மாமியார். கேம்ப் ஆற்றோரத்தில் இருக்கிறது, வேலி கிடையாது. பணம் கட்டுவதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை:

அத்தை தூங்கும்போது சிபேப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க முகமூடி வழியே காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி) போட்டாக வேண்டும். ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்குமா? அவருக்கு முட்டி வலி வேறு. "பக்கெட் ஷவர்" என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன, அவரால் சமாளிக்க முடியுமா? வேலியில்லாத இடத்தில் துணிக் கூடாரத்துக்குள் பையனை வைத்துக்கொண்டு படுப்பது பாதுகாப்புதானா? நைரோபியிலிருந்து சின்ன விமானத்தில் போகிறோம், ஆளுக்கு 15 கிலோதான் என்கிறார்கள். அதில் மெஷினும் சேர்த்தியா? நாங்கள் சுத்த சைவம்.

பேசாமல் சுவர் வைத்த லாட்ஜுக்கு மாறிவிடலாம் என்கிறார் கணவர்.

---

முட்செடி:

முதலில் கரண்ட். உங்கள் கேள்விகளில் கேம்ப்பை மாற்றவேண்டி வருமா என்று தீர்மானிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

மாராவில் பெரும்பாலான கேம்ப்கள் சோலார், பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து ஓடுபவை. சில இடங்களில் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் ஜெனரேட்டர் போடுவார்கள். "24 மணி நேர மின்சாரம்" என்று விளம்பரத்தில் இருந்தாலும், பல சமயம் அது டென்ட் விளக்குக்கு மட்டும்தான். பிளக் பாயின்ட் இரவு பத்து மணிக்கு மேல் செத்துவிடும். அதனால் "கரண்ட் இருக்குமா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "இரவு 10 முதல் காலை 6 வரை டென்ட்டுக்குள் இருக்கும் பிளக்கில் 240 வோல்ட் வருமா? தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும்? இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவா (வீட்டுக் கரண்ட் மாதிரிச் சீரான அலையா)?" என்று ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஈரப்பதமூட்டியையும் சூடாகும் டியூபையும் அணைத்துவிட்டால் பெரும்பாலான சிபேப் மெஷின்கள் சுமார் 30 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-அவர். ஈரப்பதமூட்டியோடு ஓட்டினால் அதுவே இரண்டு மடங்கைத் தாண்டும். மூன்று இரவு ஈரப்பதமூட்டி இல்லாமல் தூங்க முடியுமா என்று அத்தையை வீட்டிலேயே ஒரு ராத்திரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிளக்கில் கரண்ட் வராது என்றால் அடுத்த வழி 12 வோல்ட் கார் பேட்டரி. கேம்ப்பில் வண்டிகள் நிற்பதால் பேட்டரிக்குப் பஞ்சமில்லை. சொல்லிவைத்தால் ஒன்றைத் தனியாக எடுத்துவைப்பார்கள். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலே 600 வாட்-அவர், அதாவது இரண்டு இரவு. பகலில் திரும்பச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார்கள். ஆனால் பேட்டரிக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், உங்கள் மாடலுக்கென்று விற்கும் டிசி கன்வெர்ட்டரை ஊரிலிருந்தே வாங்கிப்போக வேண்டும். அதன் கடைசி முனை மாடலுக்கு மாடல் வேறுபடும், அங்கே கிடைக்காது.

பெரிய பவர் பேங்க்கைக் கையோடு கொண்டுபோய்விடலாம் என்ற யோசனை விமான நிலையத்திலேயே நின்றுவிடும். 100 வாட்-அவர் வரை கேபினில் பிரச்சினையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு. அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். செக்-இன் பெட்டிக்குள் எதையும் போடக் கூடாது.

சின்ன விஷயங்கள் இரண்டு. கென்யாவில் சதுரமான மூன்று முனை பிளக், நம் ஊர் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் வேண்டும். மாராவின் புழுதி மெஷினின் ஃபில்டரை வேகமாக அடைக்கும், கூடுதலாக இரண்டு ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரை மட்டும் மறந்தும் சொருகிவிடாதீர்கள். 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகி, பக்கத்து டென்ட்களும் இருட்டாகிவிடும்.

---

வழிப்போக்கன்:

லக்கேஜ், காசு, ஊசி இந்த மூன்றையும் நான் சொல்கிறேன்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாரா ஏர்ஸ்ட்ரிப்களுக்குப் போகிறவற்றில் நிறைய செஸ்னா கேரவன் மாதிரிச் சின்ன விமானங்கள். சாமான் போவது வயிற்றுக்கு அடியில் இருக்கும் தட்டையான பெட்டிக்குள். சக்கரம் வைத்த கெட்டிச் சூட்கேஸ் அதற்குள் மடங்காது. அதனால்தான் துணிப்பை கேட்கிறார்கள். 15 கிலோ என்பது கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து. மெஷின் மருத்துவக் கருவி என்று முன்கூட்டியே எழுதினால் பல நிறுவனங்கள் கணக்கில் சேர்க்காது. கவுன்டரில் போய்ச் சொன்னால் அன்றைய எடையைப் பொறுத்துதான். பெரிய பெட்டியை நைரோபியில் நீங்கள் தங்கும் ஹோட்டலில் விட்டுப் போங்கள்.

நுழைவுக் கட்டணம்: 2024 முதல் மாரா ரிசர்வுக்கு வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர், 9 முதல் 17 வயதுக்கு 50 டாலர். ஒரு டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் ரிசர்வை விட்டு வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். ஆகவே திரும்பும் விமானத்தைக் காலையில் போடச் சொல்லுங்கள், மதிய விமானம் என்றால் உங்கள் நால்வருக்கும் சேர்த்து 650 டாலர் வீண். கேம்ப் வாடகையில் இந்தக் கட்டணம் அடக்கமா இல்லையா என்பதையும் கேளுங்கள். பாதிப் பேர் அங்கே போய்த்தான் விழிப்பார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கையில் இல்லாவிட்டால் திரும்பியதும் தனிமைப்படுத்தலில் உட்காரவேண்டி வரும். 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்கு இந்த ஊசியில் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். எனவே அத்தை விஷயத்தில் டாக்டரிடம் பேசாமல் போடாதீர்கள். அவர் வேண்டாம் என்றால், விலக்குச் சான்றிதழை எப்படி ஏற்பார்கள் என்று விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் முன்பே கேட்டு வாங்குங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. மலேரியா மாத்திரையையும் அதே நாளில் பேசிவிடலாம். அடோவகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் ஆரம்பித்து, மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் 7 நாள். டாக்ஸிசைக்ளின் என்றால் வந்த பிறகு 4 வாரம், அதைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் கவர்களை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 முதல் தடை.

---

ஆற்றங்கரை:

வேலி இல்லாதது பற்றிய பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஜிப் போட்ட டென்ட் யானைக்கும் சிங்கத்துக்கும் ஒரு பாறை மாதிரி, சுற்றிக்கொண்டு போய்விடும். விபத்துகளில் பெரும்பாலானவை மூன்று வழியில்தான் வருகின்றன: ஜிப்பைத் திறந்து வைப்பது, உள்ளே தின்பண்டம் வைப்பது, இருட்டில் தனியாக நடப்பது.

ஜிப்: கதவுத் துணியில் இரண்டு ஓட்டிகள் இருக்கும். இரண்டையும் ஒரே கீழ்மூலைக்குக் கொண்டுவந்து, இரண்டு வளையத்திலும் ஒரு சின்னக் கொக்கியை மாட்டிவிடுங்கள். பபூனும் வெர்வெட் குரங்கும் நடுவில் விட்ட ஜிப்பை விரலால் பிரித்துவிடும். அதுவும் நீங்கள் சஃபாரி போயிருக்கும் பகலில். புழுதியேறி ஜிப் சிக்கினால் இழுத்துக் கிழிக்காதீர்கள், பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும்.

தின்பண்டம்: பிஸ்கட், பழம் மட்டுமல்ல, சூயிங் கம், பழ வாசனைச் சோப்பு, இருமல் சிரப், பையனின் பையில் மறந்துபோன சாக்லேட், எல்லாமே கணக்கு. பகலில் குரங்கு வரும், இரவில் தேன்வளைக்கரடி வரும். பழ வாசனைக்கு யானை துணியைக் கிழித்துப் பார்க்கும். அத்தைக்கு மாத்திரையோடு ஏதாவது சாப்பிட வேண்டும் என்றால், மூடி இறுகும் தகரப் பெட்டியை கேம்ப்பில் கேளுங்கள், அல்லது சமையல் டென்ட்டில் கொடுத்துவையுங்கள்.

நடப்பது: பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும். அதற்குப் பின் சாப்பாட்டு டென்ட் முப்பதே மீட்டர் என்றாலும் அஸ்காரி, அதாவது கேம்ப் காவலர், வந்து அழைத்துப் போக வேண்டும். டென்ட் வாசலில் நின்று டார்ச்சை ஆட்டினால் வருவார். சில இடங்களில் விசில் அல்லது வாக்கி-டாக்கி கொடுப்பார்கள். அவர் முன்னால், பையன் நடுவில். அவர் நின்றால் நிற்க வேண்டும், ஓடவே கூடாது. ஆற்றோரக் கேம்ப்பில் கவனிக்க வேண்டியது நீர்யானை. இரவில் புல் மேய மேலே ஏறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யாராவது நின்றால் மிரண்டு நேராகப் பாயும்.

என்னைக் கேட்டால் பையனுக்குச் சிங்கத்தைவிட ஆற்றங்கரைதான் ஆபத்து. பல கேம்ப்களில் டென்ட்டின் முன்திண்ணைக்குச் சில அடி தள்ளியே கரை செங்குத்தாக இறங்குகிறது, கைப்பிடி கிடையாது. விளிம்பிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் டென்ட்டைக் கேளுங்கள். ஃபேமிலி டென்ட் என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரே கூரைக்குள் இருக்கிறதா, அல்லது "பக்கத்துப் பக்கத்து டென்ட்" என்பதைத்தான் அப்படி அழைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பக்கெட் ஷவருக்குப் பயப்படாதீர்கள். டென்ட்டுக்குப் பின்னால் கம்பத்தில் கயிறு கட்டி, சுமார் 20 லிட்டர் வெந்நீர்ப் பையை மேலே ஏற்றுவார்கள். உள்ளே சங்கிலியை இழுத்தால் தண்ணீர் விழும். கால் மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும். சூடு பையிலேயே கலந்து வருவதால் உள்ளே கூட்டிக் குறைக்கக் குழாய் இருக்காது, முதலில் கையை நீட்டிப் பாருங்கள். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, திரும்பத் திறக்க வேண்டும். திறந்தே விட்டால் ஐந்து நிமிஷத்தில் தலையில் நுரையோடு நிற்பீர்கள். அத்தைக்கு இந்த வித்தையெல்லாம் எதற்கு? அதே 20 லிட்டரை ஒரு பக்கெட்டில் ஊற்றி, ஒரு கப்பும் உட்கார ஸ்டூலும் வைக்கச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு அது தாராளம். டாய்லெட்டில் கை ஷவர் இருக்காது, அங்கேயும் ஒரு கப் கேட்டுவையுங்கள்.

---

குறிஞ்சிப்பூ:

மிக்க நன்றி. கேம்ப்புக்கு ஈமெயில் போட்டாயிற்று. இரண்டு சந்தேகம் பாக்கி: அத்தை ராத்திரி இரண்டு தடவையாவது பாத்ரூம் போவார், வெளியே இறங்கவேண்டி வருமா? அப்புறம் அந்த சஃபாரி வண்டிக் குலுக்கலை அவர் முட்டி தாங்குமா?

---

ஆற்றங்கரை:

"என்-சூட்" என்று போட்டிருந்தால் பாத்ரூம் டென்ட்டின் பின்பக்கத்திலேயே, உள் ஜிப்புக்கு அந்தப் புறம். வெளியே போக வேண்டாம். இடம் மாற்றிப் போடும் எளிய கேம்ப்களில் மட்டும் கழிப்பறை தனிக் கூடாரமாக இருக்கும். அது உங்களுக்கு ஒத்துவராது. இன்னொன்று, ஜிப் கதவுகளின் அடியில் பூச்சி வராமல் இருக்கத் துணி மடிப்பு ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். தூக்கக் கலக்கத்தில் வயதானவர்கள் தடுக்கி விழுவது அதில்தான். உள் ஜிப்பை முழுக்கத் திறந்து மடிப்பைக் கீழே அழுத்திக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன விளக்கு அங்கேயே எரியட்டும். மரப் பலகைத் தளம் என்றால் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்றும் கேளுங்கள்.

---

முட்செடி:

வண்டி: லேண்ட் குரூசரில் ஏறும் படி முட்டிக்கு மேலே இருக்கும், முக்காலி வைக்கச் சொல்லுங்கள். உட்காரவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேல் வருவதால் குலுக்கல் முழுக்க முதுகிலும் முட்டியிலும் இறங்கும். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அல்லது அவருக்கு நேர் பின்வரிசை அத்தைக்கு. மற்ற விருந்தினரோடு பகிரும் வண்டி என்றால் இந்த இடத்தைப் பிடிக்க முடியாது. செலவு கட்டுப்படியானால் தனி வண்டி எடுங்கள். வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்காதீர்கள்.

மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம். ஆகஸ்ட் காலை ஆறு மணிக்குத் திறந்த வண்டியில் நன்றாகவே குளிரும். நால்வருக்கும் குல்லா, கம்பளிச் சட்டை. இரவில் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள், தெரியாமல் காலை நீட்டினால் ஏதோ மிருகம் என்று பையன் அலறுவான், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கருப்பும் கருநீலமும் கடிக்கும் ட்சேட்சே ஈக்களை இழுக்கும், மங்கிய காக்கி, பழுப்பு நிறங்களே போதும்.

சாப்பாட்டுக்கு "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும். முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று பிரித்து எழுதுங்கள். அங்கே சமையற்காரர்களுக்குச் சப்பாத்தியும் பாசிப்பயறுக் குழம்பும் தினசரிச் சமையல், கீதேரி என்ற சோளம்–பீன்ஸ் கூட்டும் அப்படித்தான். ஆனால் காய்கறியெல்லாம் நைரோபியிலிருந்து லாரியில் வருவதால், போய் இறங்கிய பிறகு சொன்னால் மூன்று நாளும் உருளைக்கிழங்குதான்.

செருப்பு, ஷூவை வாசலில் விடாதீர்கள். கழுதைப்புலி தூக்கிப்போய்விடும். உள்ளே வைத்ததையும் காலையில் ஒருமுறை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் ஏறியிருக்கும்.