ஒரே ஹோட்டல் குழுமத்தில் தொடர்ந்து தங்கியதில் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் போகிறவன் நான். முடிந்தவரை ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில்தான் தங்குவேன். லாபமா என்று கேட்டால், எனக்கு லாபம்தான். உறுப்பினராகச் சேர்ந்து தங்கினால் பாயிண்ட் சேரும், அதைக் கொடுத்துப் பிறகு பணம் கட்டாமல் தங்கலாம். வருடத்தில் நிறைய இரவு தங்கினால் ஸ்டேட்டஸ், அதாவது கூடுதல் சலுகை தரும் உறுப்பினர் நிலை கிடைக்கும். எனக்கு வந்த லாபம் பாயிண்டால் வந்ததைவிட ஸ்டேட்டஸால் வந்ததே அதிகம். அதுவும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

ஏன் மாறுகிறது என்பது எனக்குப் புரியவே நாளானது. மேரியட், ஹில்டன் மாதிரிப் பெரிய குழுமங்களின் பெயரில் நடக்கும் ஹோட்டல்களில் பெரும்பாலானவை அவர்களுக்குச் சொந்தமில்லை. கட்டடத்துக்கு முதலாளி வேறு ஆள். குழுமத்தின் பெயரைப் பயன்படுத்த அவர் கட்டணம் கட்டுகிறார், உறுப்பினர் வந்து தங்கினால் பாயிண்ட் திட்டத்துக்கும் ஒரு பங்கு கட்டுகிறார். நமக்கு வாக்குக் கொடுப்பது குழுமம், அதற்குக் கைக்காசைச் செலவழிப்பது முதலாளி. நாம் பாயிண்டில் தங்கும் இரவுக்கும், ஹோட்டல் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால் தவிர, குழுமம் அவருக்குத் தருவது வழக்கமான வாடகையைவிட நன்றாகவே குறைவு.

இதை நேரில் பார்த்தது ஒரு ரிசப்ஷனில். என் ஸ்டேட்டஸைச் சொல்லி அப்கிரேடு, அதாவது அதே வாடகைக்கு இன்னும் நல்ல அறை கேட்டேன். சூட் (பெரிய சொகுசு அறை) எதுவும் காலியில்லை என்றார் அங்கிருந்த இளைஞர். என் போனில் அதே ஹோட்டலின் சூட் அன்றைய இரவுக்கே விற்பனையில் இருந்தது. திருப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "அது பணம் கட்டி வர்றவங்களுக்குன்னு வெச்சிருக்காங்க சார்" என்றார். விதிமுறையில் ‘காலியாக இருந்தால்’ என்றுதான் இருக்கிறது. எது காலி என்று முடிவு செய்வது ஹோட்டல். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. இன்றுவரை இந்த ஏற்பாடு நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். மேரியட்டின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் ஆண்டுக்கு 50 இரவு தங்கினால் பிளாட்டினம் என்ற ஸ்டேட்டஸ். ரிசார்ட், மாநாட்டு ஹோட்டல்கள் தவிர மற்ற பெரும்பாலான இடங்களில் கிளம்பும் நாளில் மாலை 4 மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம். ராத்திரி விமானம் இருக்கும் நாளில் மீட்டிங் முடித்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டுக் கிளம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அலைகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே பிளாட்டினத்துக்கு மேரியட்டின் சொகுசு பிராண்டான ரிட்ஸ்-கார்ல்டனில் இலவசக் காலை உணவு கிடையாது. பிராண்டுக்குப் பிராண்டு சலுகை வேறு, புக் செய்யும் முன் பார்த்துவிடுங்கள்.

பாயிண்டைச் சேர்த்து வைக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்வேன். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலை ஹில்டன் 2017இலேயே எடுத்துவிட்டது, மேரியட் 2022இல் எடுத்தது. இப்போது வாடகை ஏறினால் பாயிண்டும் ஏறுகிறது. என் அக்கா குடும்பப் பயணத்துக்கென்று வருடக்கணக்கில் சேர்த்தார். போகும் நேரம் வந்தபோது ஆசைப்பட்ட ஹோட்டல் கேட்டது அவர் கணக்கு போட்டதைவிட மிக அதிகம். கடைசியில் வேறொரு ஹோட்டலுக்குப் போனார்கள். பான்வாயில் பாயிண்டில் தொடர்ந்து 5 இரவு எடுத்தால் 4 இரவுக்குத்தான் கழிப்பார்கள், அது கொஞ்சம் கைகொடுத்தது. அக்கோர் என்ற இன்னொரு குழுமத்தில் இந்தக் குழப்பம் இல்லை: 2000 பாயிண்ட் என்றால் 40 யூரோ கழிவு.

இன்னொன்று, வெளி புக்கிங் தளங்களில் அறை போட்டால் பொதுவாகப் பாயிண்டும் வராது, ஸ்டேட்டஸுக்கான இரவுக் கணக்கும் ஏறாது. வருடத்துக்கு ஓரிரு முறை குடும்பத்தோடு போகிறவர்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எங்கே மலிவோ அங்கே போடுங்கள். வருடக் கடைசியில் ஸ்டேட்டஸுக்காக வெறுமனே அறை போட்டு இரவுகளை நிரப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடப் பயணங்கள் உறுதியாக இல்லாவிட்டால் அது வீண் செலவு.

என் அனுபவத்தில் உறுப்பினர் கார்டைவிட அதிகம் பலன் தந்தது, ஒரே கட்டடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான். நான் வழக்கமாகத் தங்கும் ஒரு சாதாரண ஹோட்டலில், லிஃப்ட் சத்தம் எனக்கு ஆகாது என்று தெரிந்து, கேட்காமலே கடைசி அறையை ஒதுக்குகிறார்கள். ஒருமுறை விடியற்காலையில் போய் இறங்கினேன். அறை தயாராக இருந்தது, கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. அந்தச் சலுகை எந்த ஸ்டேட்டஸ் பட்டியலிலும் இல்லை.