'புவியியல் நிர்ணயம்' வேண்டாம், 'நிலத்தியல்பு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் மண்ணும் மழையும் கல்லும் செய்த வேலையைக் குறிக்க ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். 'வட்டாரக் கட்டடக்கலை', 'திணைக் கட்டடக்கலை', 'புவியியல் நிர்ணயம்' என மூன்று சொற்கள் வந்துள்ளன. என் பரிந்துரை 'நிலத்தியல்பு'.

'வட்டாரக் கட்டடக்கலை' நல்ல சொல்தான். ஆனால் அது ஊர்மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகளைத்தான் நினைவூட்டும். நமக்கு வேண்டிய சொல் கோயிலையும் அரண்மனையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கர்நாடகத்தின் பேலூரைப் பாருங்கள். 1117இல் போசளர் (ஹொய்சாளர்) நிறுவிய சென்னகேசவர் கோயில் மாக்கல்லால் ஆனது. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் கல் அது. அதனால்தான் மணிமாலையின் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் குடைய முடிந்தது. பல்லவருக்கு வாய்த்ததோ கருங்கல். மாமல்லபுரத்துச் சிற்பங்களில் அணிகலன் குறைவாக இருப்பதற்குச் சிற்பியின் ரசனை மட்டும் காரணமல்ல, உளிக்கு எளிதில் இணங்காத அந்தக் கல்லும் காரணம்.

'திணை' என்ற சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஐந்து நிலத்தோடு உரிப்பொருளையும், அதாவது அந்தந்த நிலத்துக்குரிய காதல் உணர்வையும், கூடவே இழுத்து வரும். தேவதாரு உத்தரங்களையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிய இமாச்சலச் சுவர், நிலம் நடுங்கும்போது ஓரளவு நெகிழ்ந்துகொடுக்கும். மலை என்பதால் அதைக் குறிஞ்சியில் சேர்த்தால் சரியாக வராது.

இனி 'நிர்ணயம்'. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். தஞ்சை காவிரி வண்டல் நிலம், சுற்றிலும் பாறை கிடையாது. நிலமே எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தால் அங்கே செங்கல் கோயில்தான் எழுந்திருக்கும். சோழநாட்டில் அப்படிப் பல கோயில்கள் இருக்கவும் செய்தன. அவற்றில் பலவற்றைச் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றினார். அப்புறம் 1010இல் முடிந்த பெரிய கோயிலுக்கு அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்தே வந்தது. அரசின் வலிமையும் ஆசையும் நிலத்தை மீறிய இடம் இது.

வங்காளத்தில் இன்னொரு வகை மீறலைப் பார்க்கலாம். அங்கே வண்டல் சமவெளியில் கட்டடக் கல் அரிது, களிமண் ஏராளம். கொட்டும் மழை வழிந்தோட மூங்கிலை வளைத்துப் போட்ட குடிசைக் கூரையை, விஷ்ணுப்பூரின் ஜோர் பங்களா கோயிலில் 1655இல் செங்கல்லிலேயே கட்டினார்கள். இதுவரை நிலத்தின் பாதிப்பு. ஆனால் அதே வளைவு, அவ்வளவு மழை பெய்யாத ஆக்ரா கோட்டையின் ஷாஜகான் மண்டபங்களிலும் இருக்கிறது. அங்கே அது வெறும் அழகு. இப்படிப் பிறந்த இடத்தை விட்டு நடந்துபோன வடிவத்துக்கு 'நிர்ணயம்' எப்படிப் பொருந்தும்?

'நிலத்தியல்பு' இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. "நிலத்தியல்பால் நீர்திரிந்து" என்று குறளிலேயே ஆட்சி உண்டு. இயல்பு என்றால் சாய்வு, விதி அல்ல. மீறவும் இடம் இருக்கிறது. 'நிலத்தியல்புக் கூறு', 'நிலத்தியல்பு மீறிய கட்டடம்' எனக் கிளைச்சொற்களும் எளிதில் அமையும். மழையும் காற்றும் 'நிலம்' என்பதில் அடங்குமா என்ற கேள்வி வரும். மழைநாடு, வறண்ட நாடு என்று நிலத்தை வைத்துத்தானே அவற்றையும் பேசுகிறோம், அடங்கும் என்றே நினைக்கிறேன்.

மறுப்பவர்கள், இந்தச் சொல் எந்தக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.