நோயாளியால் மணிக்கட்டில் காயம், அறிக்கையை வாங்க மறுக்கிறார்கள்

மனநல சிகிச்சை மையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் நைட் டூட்டியில் மாத்திரை கொடுக்கப் போனபோது, பதற்றத்தில் இருந்த நோயாளி ஒருவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவருக்கு அன்று குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. வார்டில் போதிய ஆள் இல்லாததுதான் காரணம்.

அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியை அழுத்தினால் உயிர் போகிறது. சிரிஞ்சில் மருந்து இழுக்கக்கூடப் பிடி நிற்கவில்லை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் இருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 10–14 நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். பணியிடக் காயம் என்று பதிவாகாததால் அந்தச் செலவை ஏற்க நிர்வாகம் மறுக்கிறது.

ஐஸ், கட்டு, வலி மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. சம்பவ அறிக்கையை, "நோயாளி வேண்டுமென்று செய்யலையே, இந்த வேலையில இதெல்லாம் சகஜம்" என்று மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எச்.ஆருக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. அறிக்கையின் நகல், எக்ஸ்ரே, டூட்டி பட்டியல், கூட இருந்த நர்ஸ் எழுதிக் கொடுத்த சாட்சியம் கையில் இருக்கின்றன.

இப்படி அறிக்கையை வாங்க மறுத்த பிறகும் பணியிடக் காயமாகப் பதிவு செய்ய வைத்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்து யாரிடம், எப்படிப் போனீர்கள்?