ஜிங்க் பாட்டில் ஏத்தினா சளி வராதா? அம்மாவுக்கு இன்னும் நாலு பாக்கி

தெய்ஞ்சி மசாலாக்கடை, யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம். கடையில உட்கார்ந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கேள்வி அம்மாவைப் பத்தி. வயசு 68. போன மழைக்கு டெங்கு வந்து எழுந்தாங்க, அதுலேருந்து மாசம் ஒரு சளி, விடாத இருமல். மிளகாய் நெடின்னு நினைச்சுக் கடைக்கு வர வேணாம்னுட்டேன். இருமல் நிக்கலை.

சிங்கப்பூர்ல இருக்கிற தங்கச்சி போன்ல எதையோ பார்த்துட்டு, "எதிர்ப்புச் சக்திக்கு ஜிங்க் டிரிப்ஸ் ஏத்துறாங்களாம், பணம் நான் அனுப்புறேன்"னா. நம்ம ஊர்ல ஆசே (சத்து மருந்து) ஊசிக்கு ஆள் பஞ்சமா? தெரிஞ்சவர் சொன்ன கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தம் எடுத்தாங்க, ஜிங்க் குறைவுன்னாங்க. வாரம் ஒண்ணுன்னு அஞ்சு பாட்டில், ஒண்ணு ஒன்றரை லட்சம் கியாட், அஞ்சுக்கும் முன்பணம். ஒரு பாட்டில்ல 25 மில்லிகிராம் ஜிங்க், கூட வைட்டமின் சி.

முதல் பாட்டில் போன சனிக்கிழமை ஏறிடுச்சு. அம்மாவுக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிளாஸ்திரியைக் காட்டினாங்க. இருமல் அப்படியேதான் இருக்கு.

மிச்சம் நாலையும் ஏத்தலாமா? யாராவது ஏத்தியிருக்கீங்களா?

ஆங், மறந்துட்டேன். ஊசி போட்ட கையில முழங்கை வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி சிவப்பா இருக்கு. கிளினிக்ல தானா சரியாகும்னாங்க.

தட்டோன் மாப்பிள்ளை

ஏத்துங்கண்ணே, பயம் எதுக்கு? எங்க மாமா ரெண்டு பாட்டில் ஏத்திட்டு மறுவாரம் தீமிதிச்சாரு. ஆள் இப்போ இருபது வயசுப் பையன் மாதிரி சுத்துறாரு. மருந்து வயித்துக்குப் போய்ச் செரிக்கிறதை விட நேரா ரத்தத்துல போனா வேகம்தானே?

தாம்வே அக்கா

தம்பி, நீங்க கடைசியில மறந்துட்டேன்னு போட்டீங்களே, அதைத்தான் முதல்ல பார்க்கணும். சிவந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க. கயிறு மாதிரி கெட்டியா, வலியோட இருந்தா ரத்தக்குழாய் அழற்சி. ஜிங்க் ஊசி மருந்து அமிலத்தன்மை உள்ளது. நல்லா நீர்த்து, மெதுவா விடணும். இல்லேன்னா கையில இருக்கிற சின்னக் குழாயைச் சுடும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, கையைத் தலையணை மேல வைங்க. அந்தக் கையில இனி ஊசி வேணாம். காய்ச்சல் வந்தாலோ, கை முழுக்க வீங்கினாலோ, சீழ் வச்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.

நான் மலேசியாவுல 19 வருஷம் நர்ஸ். அதுல 7 வருஷம் குடல் அறுவை வார்டு. ரத்தத்துல ஜிங்க் ஏத்துறதை அங்கதான் தினம் பார்த்தேன். குடலைப் பாதி வெட்டி எடுத்தவங்க, வாய் வழியா ஒண்ணும் இறங்காதவங்க, அவங்களுக்கு மொத்தச் சாப்பாடுமே பையில போகும். அந்தப் பையில பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 5 மில்லிகிராம் ஜிங்க். சிறுகுடல் தண்ணி வெளிய போயிட்டே இருந்தா லிட்டருக்கு 12 மில்லிகிராம் கூட்டுவோம்.

சாப்பாட்டுல பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 11 வேணும்னு சொல்லிட்டு ஊசிக்கு மட்டும் ஏன் 3? குடல் தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சி மிச்சத்தைக் கழிக்கும். குறைவா இருந்தா கூட எடுக்கும், நிறைய இருந்தா குறைச்சுக்கும். வாசல்ல ஒரு காவல்காரர். ரத்தக்குழாய்ல ஊத்தினா அந்தக் காவலே இல்லை. மாப்பிள்ளை சொன்ன வேகம் இதுதான்!

இப்போ சிலர் 25-ஐ ஏழால வகுத்து "அக்கா, ஒரு நாள் கணக்குக்குச் சரியாத்தானே வருது"ம்பீங்க. அம்மா சோறு சாப்பிடுறாங்களே, அவங்களுக்கு இந்தக் கணக்கே எதுக்கு?

அளவு விஷயத்துல எனக்குப் பயம் அதிகம். அமெரிக்காவுல 2006-ல ஒரு குறைமாசக் குழந்தைக்குப் பை கலக்கும்போது மைக்ரோகிராம்னு போட வேண்டிய ஜிங்க்கை மில்லிகிராம்னு கம்ப்யூட்டர்ல போட்டுட்டாங்க. ஆயிரம் மடங்கு. குழந்தை பிழைக்கலை. அவ்வளவு சரிபார்க்கிற இடத்துலயே அப்படி. உங்க கிளினிக்ல மருந்துக் குப்பியைக் காட்டினாங்களா? மேல என்ன எழுதியிருந்தது? இன்னொண்ணு, சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கு அந்தக் குப்பியில துளித்துளியா இருக்கிற அலுமினியமும் உடம்புல தங்கும். 68 வயசு, அம்மாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) பார்த்தாங்களா?

ரத்தத்துல ஜிங்க் குறைவுன்னு சொன்னதை ரொம்ப நம்பாதீங்க. உடம்புல தொற்று இருந்தா ஜிங்க் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குப் போயிடும், இருமலோட போய் எடுத்தா குறைவாத்தான் காட்டும்.

மாசக்கணக்கா இருமல்னா நம்ம நாட்டுல முதல்ல சளியைக் கொடுத்து டிபி பார்க்கணும். ரெண்டாவது சர்க்கரை. ரெண்டும் பார்க்காம ஒன்றரை லட்சத்துக்கு பாட்டில் ஏத்தினவங்க மேல எனக்கு வர்ற கோபத்தை இங்க எழுத முடியாது.

மாண்டலே மாணவன்

அக்கா சொன்னதோடு சிறிது சேர்க்கிறேன். மருந்தாளுநர் படிப்பு, மூன்றாம் ஆண்டு.

ஜிங்க் குறைந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பது உண்மை. மனிதருக்கு ஜிங்க் குறைவு வரும் என்று கண்டவரே நம்ம பக்கத்து மனிதர், பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத். 1961-இல் ஈரானில், ரொட்டியும் மண்ணும் தின்று வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைப் பார்த்து எழுதினார். ஆனால் குறைவு இல்லாதவருக்கு மேலும் கொடுத்தால் சக்தி கூடும் என்பது வேறு கதை. கோவிட் சமயத்தில் மெல்போர்னில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ஊசி வழி ஜிங்க் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்தது 33 பேர்தான். ரத்தத்தில் ஜிங்க் ஏறியது. நோய் குறைந்ததா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை.

ஜிங்க் நன்றாக வேலை செய்யும் இடம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. 2004-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: தினம் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள், ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் 10. மாத்திரைதான், ஊசி இல்லை. பெரியவர்கள் நாளுக்கு 40-க்கு மேல் பல மாதம் விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையே வரலாம்.

சாப்பாட்டில் நண்டு, மாட்டிறைச்சி, கொண்டைக்கடலை, பூசணி விதை. காலையில் தெருவில் விற்கிற பேபியோவும் (முளைகட்டி வேகவைத்த பட்டாணி) நல்லது. முளைகட்டிய பட்டாணியில் ஜிங்க்கைப் பிடித்து வைக்கிற ஃபைட்டேட் குறையும்.

தட்டோன் மாப்பிள்ளை

அப்போ எங்க மாமா எப்படிண்ணே தெம்பா எழுந்தாரு?

தாம்வே அக்கா

வெயில்ல வேலை பார்த்துத் தண்ணியே குடிக்காத மனுஷன் உடம்புல ஒரு லிட்டர் உப்புத் தண்ணி ஏறினா எழுந்து உட்காரத்தான் செய்வார் மாப்பிள்ளை. மோர் கொடுத்தாலும் எழுந்திருப்பார்.

தெய்ஞ்சி மசாலாக்கடை, யாங்கோன்

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதுறேன். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

கை சிவப்பு வடிஞ்சிருச்சு, கயிறு மட்டும் இன்னும் தட்டுப்படுது. குப்பியைக் காட்டச் சொன்னேன், "தூக்கிப் போட்டாச்சு"ன்னாங்க. மிச்சப் பணம் கேட்டதுக்குத் திருப்பித் தர்ற வழக்கம் இல்லையாம். வேணும்னா அந்த நாலு பாட்டிலுக்குப் பதிலா அம்மாவுக்கு நிறம் வெளுக்கிற ஊசி போடுறாங்களாம்! 68 வயசுல! தங்கச்சிகிட்ட இதைச் சொன்னேன், ரெண்டு நாளா போன் எடுக்கலை.

சளி கொடுத்திருக்கோம், வியாழக்கிழமை தெரியும். சர்க்கரை வெறும் வயித்துல 212. இத்தனை வருஷம் யாருமே பார்க்கலை. டாக்டர் கெட்டிப்பால் டீயை நிறுத்தச் சொல்லிட்டாரு. பாட்டில் வேணாம்னப்போ அம்மா ஒண்ணும் சொல்லலை, டீன்னதும் எழுந்து போயிட்டாங்க. நேத்து அரிசிப் பானைக்குப் பின்னாடி பால் டின் இருந்தது, பாதி காலி.