பழைய பால்மர (ரப்பர்) காட்டுக்குள் ஒரு டிஸ்க் கோல்ஃப் திடல், புதர் மூடிக் கிடக்கிறது. மீட்க முடியுமா?

சங்கிலிச்சத்தம்:

வணக்கம். மலேசியாவில், பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமைத் தாண்டி உள்ளே போகும் பக்கம் ஒரு டிஸ்க் கோல்ஃப் திடல் இருக்கிறது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. விளையாட்டு தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, எத்தனை வீச்சில் கூடையில் விழுகிறது என்பதுதான் கணக்கு. விளையாட்டு விழாவில் வீசும் வட்டு இல்லை, அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மொத்தம் 9 கூடை. கூட்டாளிகள் நாலைந்து பேர் சொந்தக் காசில் போட்டது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நின்றதுதான், அப்புறம் ஒருவன் சிங்கப்பூருக்குப் போனான், ஒருவனுக்கு இரட்டைக் குழந்தை, நானும் ஷிப்ட் வேலைக்கு மாறிவிட்டேன். போன ஞாயிறு ஏதோ ஞாபகத்தில் மோட்டாரை அந்தப் பக்கம் திருப்பினேன்.

முதல் டீயிலேயே, அதாவது நின்று வீசும் மேடையிலேயே, சறுக்கி விழுந்தேன். சிமெண்ட் மேல் பாசி, அதன் மேல் இலை, அதன் மேல் நான். மூன்றாவது கூடையைச் சுற்றி லாலாங் புல் நெஞ்சு உயரம். நாலாவதில் கூடை இருக்கிறது, சங்கிலி இல்லை, பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு பால்மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. ஆறாவது கூடையைத் தேடியே கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தக் குழியைத் தோண்டிக் கம்பத்தை நட்டவனே நான்தான். ஏழாவதில் கெரெங்கா எறும்பு சட்டைக்குள் போய்விட்டது, அதற்கு மேல் விவரம் வேண்டாம். ஒன்பதாவது கூடைக்குப் பக்கத்தில் யாரோ டயரும் மெத்தையும் உடைந்த சிங்க்கும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டாவது மட்டும் எப்படியோ அப்படியே இருக்கிறது. நிழல் அடர்த்தி, கீழே புல்லே இல்லை, வெறும் சருகு. பையில் கிடந்த பழைய புட்டரை, கிட்டத்திலிருந்து கூடைக்குள் வீசும் தட்டை, எடுத்து ஒரு வீச்சு வீசினேன், சங்கிலியில் பட்டு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் யோசனை: ஆள் வைத்து ஒரே நாளில் மொத்தத்தையும் வெட்டி, மருந்து அடித்து, காய்ந்ததும் கொளுத்திவிடலாம். செலவு எவ்வளவு ஆகும்? யாராவது இந்த மாதிரி வேலை செய்திருக்கிறீர்களா? இல்லை, விட்டுவிடலாமா?

கெப்போங்காரன்:

விட்டுவிடுங்கள் பாஸ். நாங்கள் இங்கே கே.எல்.லில் மடக்கிக் கொண்டுபோகும் கூடை இரண்டு வாங்கி காரில் போட்டுக்கொண்டு ஏதாவது திடலில் வைத்து விளையாடுகிறோம். அரை மணி நேரத்தில் ஆட்டம் ஆரம்பம், கொசு இல்லை, பாம்பு இல்லை. ஐந்து பேர் போட்ட காட்டை ஒரு ஆள் காப்பாற்ற முடியாது. இந்த வருடம் வெட்டினால் அடுத்த வருடம் அதே கதை.

மண்டோர்மகள்:

தம்பி, கொளுத்துவது என்ற பேச்சை முதலில் விடுங்கள். திறந்த வெளியில் எரிப்பது இந்த நாட்டில் குற்றம், அது ஒரு பக்கம். லாலாங்கைக் கொளுத்தினால் அது சாகாது. அதன் உயிர் மண்ணுக்குள் ஓடும் கிழங்கு வேரில் இருக்கிறது, மேலே எரிந்த சாம்பல் ஆறும் முன்னே அதுதான் முதலில் முளைத்து வரும், மற்றதெல்லாம் செத்துப்போயிருக்கும், இடம் முழுக்க அதற்கே. தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மா பல வருடம் முதுகில் பம்பு தூக்கி மருந்து அடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கையுறை கொடுத்தாலும் அந்த வெயிலில் யார் போடுவார்கள், நகம் கறுத்து உரிந்து விழும், மூக்கில் ரத்தம் வரும், வீட்டில் அதைச் சூடு என்று சொல்லி மோர் குடிப்பார். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை. இப்போது கடையில் வேறு மருந்து விற்கிறார்கள், சரி, ஆனால் நீங்கள் கீழே விழும் தட்டை வெறுங்கையில் எடுத்து, அதே கையால் நாசி லெமாக் பொட்டலம் பிரிக்கும் இடம் அது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் இரண்டாவது கூடையிலேயே இருக்கிறது. அங்கே ஏன் புல் இல்லை? நிழல். லாலாங்குக்கு நிழல் ஆகாது. மூன்றாவதில் ஏன் நெஞ்சு உயரம்? போய் மேலே பாருங்கள், அங்கே ஏதோ ஒரு மரம் விழுந்தோ வெட்டுப்பட்டோ வானம் தெரியும். அப்படியானால் செய்ய வேண்டியது மொத்தத்தையும் மொட்டை அடிப்பது இல்லை, அடித்தால் ஒன்பது கூடையும் மூன்றாவது கூடை மாதிரி ஆகிவிடும். லாலாங்கை வெட்டுவதைவிட பலகையை வைத்து மிதித்து மடக்குங்கள். வெட்டினால் வீம்புக்குத் துளிர்க்கும், மடங்கிக் கிடந்தால் தன் நிழலிலேயே சோர்ந்துபோகும். இடையில் வேகமாக வளரும் ஏதாவது மரக்கன்று நடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் கூலி வேண்டாம்.

இன்னொன்று, பால்மரம் பார்க்கத்தான் பெரிது, கிளை சட்டென்று முறியும். தோட்டத்தில் 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள், உங்கள் காட்டில் அப்படிச் செய்யாமல் விட்ட கிழட்டு மரங்கள்தான் இருக்கும். மழைக்காற்று அடித்த மறுநாள் உள்ளே போகாதீர்கள். போனால் காலடியைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள், முறிந்த கிளை இன்னொரு கிளையில் தொங்கிக்கொண்டே இருக்கும், எப்போது விழும் என்று சொல்லாது.

சங்கிலிச்சத்தம்:

அக்கா, மூன்றாவதுக்கு மேலே வானம் தெரிகிறதா என்று கேட்டீர்கள். தெரிகிறது. அந்த மரத்தை வெட்டியதே நாங்கள்தான், தட்டு அடிக்கடி அதில் படுகிறது என்று.

மண்டோர்மகள்:

தெரியும் தம்பி. அதனால்தான் கேட்டேன்.

எட்டாங்கட்டை:

வெட்டுவது நடுவது எல்லாம் பிறகு. நிலம் யாருடையது? அதை முதலில் பாருங்கள். தோட்டத்து நிலம் கைமாறி மேம்பாட்டாளரிடம் போயிருக்கலாம், அரசு நிலமாகவும் இருக்கலாம், நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து ஒரு தேடல் போட்டால் தெரிந்துவிடும். தனியார் நிலம் என்றால் அவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, நாளைக்கு உங்கள் ஆள் ஒருவர் தலையில் கிளை விழுந்தால் அந்த வாய் திறக்காது.

மரம் வெட்டியதைச் சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் செல்லும் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது 172ஆவது சட்டத்தில், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் போன மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று இருக்கிறது. சுற்றளவு, விட்டம் இல்லை. குறுக்கே பார்த்தால் ஒரு சாண் அளவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். செத்த மரம், விழப்போகும் மரத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் படம் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஐந்தாவது கூடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றிப் பிரச்சினை இல்லை.

குப்பைதான் எனக்குப் பெரிய கவலை. டயரில் மழைத்தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு, பக்கத்தில் வீடுகள் இருந்தால் டிங்கி. மெத்தைக்குள் எலி, எலி இருந்தால் நாகம் வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சல். ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் அந்த ஒன்பதாவது பக்கம் போக வேண்டாம். பாம்பையோ குளவிக் கூட்டையோ பார்த்தால் வீரம் காட்டாமல் 999க்கு அடித்து தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள், அது அவர்களுக்கு அன்றாட வேலை.

பின்கைவீச்சு:

நான் ஆட்டக்காரன், அதனால் ஆட்டக்காரனாகப் பேசுகிறேன். கெப்போங் நண்பர் சொல்வது தப்பில்லை, ஆனால் வெட்டவெளியில் வைத்த கூடைக்கும் காட்டுக்குள் இருக்கும் கூடைக்கும் உள்ள தூரம் மடுவுக்கும் மலைக்கும் உள்ளது. இந்த விளையாட்டே மரங்களுக்கு நடுவில் வளர்ந்தது. 1975இல் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் போட்ட முதல் நிரந்தரத் திடலின் பெயரே ஓக் குரோவ், ஓக் தோப்பு. அப்போது சங்கிலி கூட இல்லை, நட்ட கம்பத்தில் தட்டு பட வேண்டும். பட்டதா இல்லையா என்று சண்டை வந்ததால்தான் சங்கிலிக் கூடை வந்தது என்பார்கள்.

அதனால் ஒன்பது கூடையையும் ஒரே நாளில் பழையபடி ஆக்க நினைக்காதீர்கள். இரண்டாவது கூடை நன்றாக இருக்கிறது அல்லவா, அந்த ஒரு கூடைக்கு மூன்று இடத்திலிருந்து வீசலாமே. ஒரு டீ பழைய இடம், ஒன்று முதல் கூடைப் பக்கமிருந்து, ஒன்று பின்னாலிருந்து எதிர்த்திசையில். ஒரே நேரத்தில் ஒரு கூட்டம்தான் ஆட வேண்டும், அது மட்டும் கவனம், எதிரே வரும் தட்டு 170 கிராம் பிளாஸ்டிக், பல் போய்விடும். இப்படி வாரம் ஒருமுறை நாலு பேர் நடந்தாலே வழி தானாகத் திறக்கும். காட்டைத் திறந்து வைப்பது கத்தி இல்லை, கால். உங்கள் திடல் புதர் வந்ததால் மூடவில்லை, நீங்கள் வராததால் புதர் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு வழி தெரிந்தால் போதும், சாலை போட வேண்டாம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நடக்கும் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தட்டு புதருக்குள் போனால் உள்ளே நுழைந்து பச்சைக் கிளையை முறிக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது, உதிர்ந்து கிடக்கும் கிளையை மட்டும் நகர்த்தலாம். வீச இடமே இல்லையென்றால் ஒரு வீச்சு தண்டம் வைத்துக்கொண்டு, கூடைக்கு நேர்கோட்டில் பின்னால் வந்து வீசலாம். கெரெங்கா கூட்டத்தில் விழுந்தால் தண்டமே இல்லாமல் பின்னால் வரலாம், கடிக்கிற பூச்சிக்கு விதி அவ்வளவு கருணை காட்டுகிறது. தொலைந்த தட்டைத் தேட மூன்று நிமிடம்தான், உங்கள் ஆறாவது கூடையைத் தேடியதற்கு எத்தனை நிமிடம் ஆனது?

டீயில் பாசி பற்றி: அதைச் சுரண்டினாலும் திரும்ப வரும், நம் மழைக்கு அப்படித்தான். புதிதாக மெல்லிய பூச்சு போட்டு, காயும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், அந்தக் கோடுகளில் செருப்பு பிடிக்கும். வழவழவென்று பூசியது யார் என்று கேட்கமாட்டேன்.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை கொட்டும்போது ஆரஞ்சு நிறத் தட்டோடு போகாதீர்கள், இலையும் அதே நிறம். இப்படி எனக்கு 70 வெள்ளித் தட்டு ஒன்று போனது. இளஞ்சிவப்பு அல்லது நீலம்.

மண்டோர்மகள்:

இலைக் காலம் முடிந்து காய் வெடிக்கும் காலமும் வரும். உச்சி வெயிலில் பட் பட் என்று வெடிக்கும், புதிதாக வருபவர்கள் யாரோ கல் எறிகிறார்கள் என்று பயப்படுவார்கள். நாங்கள் அந்த விதையை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கையால் குத்தி எது உடைகிறது என்று விளையாடுவோம். உங்கள் விளையாட்டுக்கு முன்னால் அந்தக் காட்டில் இருந்த விளையாட்டு அது.

சங்கிலிச்சத்தம்:

எல்லோருக்கும் நன்றி. தேடல் போட்டேன், தனியார் நிலம். ஒரு வயதான சீனப் பெரியவர், தோட்டம் போட்டவரின் பேரன். போய்ப் பார்த்தேன். கூடை இருக்கிறதே அவருக்குத் தெரியாது, ஏதோ கோழிக்கூண்டு என்று நினைத்திருந்தாராம். மரத்தை வெட்டக்கூடாது, நெருப்பு கூடாது, குப்பையை எடுத்துவிட்டால் சந்தோஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஊராட்சி மன்றத்துக்குக் குப்பை பற்றிப் படத்தோடு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும், அதுவரை டயர்களைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன், பூட்ஸ் போட்டுத்தான்.

ஆறாவது கூடை கிடைத்தது. கொடி ஏறி முழுக்க மூடி, பச்சைக் குடை மாதிரி நின்றுகொண்டிருந்தது, நான் போன தடவை அதில்தான் சாய்ந்து நின்று தேடியிருக்கிறேன். கூடைக்குள் யாருடையதோ ஒரு மஞ்சள் தட்டு, மேலே எழுதிய எண் அழிந்துவிட்டது. கடைசியாக ஆடியவன் எடுக்காமலே போயிருக்கிறான்.

இப்போதைக்கு 1, 2, 6 மூன்று கூடை மட்டும். சனிக்கிழமை காலை ஏழரைக்கு கோத்தோங் ரோயோங், எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை, பாராங் கத்தி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், கொடிக்கு மட்டும்தான். பசியாறல் என் செலவு. 7, 9 இரண்டும் இப்போதைக்கு எறும்புக்கும் எலிக்கும். நாலாவதைச் சேர்க்க ஆசைதான், வழி நன்றாக இருக்கிறது, சங்கிலிதான் இல்லை.

கெப்போங்காரன்:

என்னிடம் காரில் அடிபட்ட ஒரு கூடை கிடக்கிறது. கம்பம் வளைந்துவிட்டது, சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கனம் ஜாஸ்தி, பட்டர்வொர்த்தில் யார் வந்து எடுப்பது?