புதுப்பிப்பு: ஐஸ்கிறீம் கடையின் பெயரெழுத்து

நல்லூரில் சித்தப்பா திறக்கவிருக்கும் ஐஸ்கிறீம் கடைக்கு, 1950களின் வண்ணமயமான நவீன பாணியில் தடித்த பெயரெழுத்து வரைவதாகவும், தடிப்பைக் கூட்டக் கூட 'ணி'யின் சுழிகள் அடைபட்டுப்போவதாகவும் முன்னர் எழுதியிருந்தேன். ரோமன் எழுத்துக்குப் பொருந்தும் சீரான தடிப்பைத் தமிழின்மேல் திணித்ததே என் பிழை.

அமெரிக்க வரைகலைஞர் சோல் பாஸின் திரைப்படச் சுவரொட்டிகளில் வடிவங்கள் கத்தரித்த காகிதம்போல் இருப்பது நினைவுக்கு வர, கணினியை மூடிவிட்டு, நிறத்தாள்களை வெட்டி எழுத்துகளை அமைத்தேன். கோப்புகளுக்குத் துளையிடும் கருவியால் ஒரே குத்தில் சுழி திறந்தது. உள்ளிருந்து விழுந்த வட்டத்தையே 'ன்' மீது புள்ளியாக ஒட்டிவிட்டேன். இதுவரை வரைந்த எதிலும் இவ்வளவு பொருத்தமான புள்ளி அமையவில்லை.

நிறத்தில்தான் இழுபறி. நீலப்பச்சைப் பின்னணியில் சித்தப்பா விரும்பிய செம்மஞ்சள் எழுத்துகளைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்தபோது, இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்ததால், எழுத்துகளைக் கடுகு மஞ்சளாக்கி, செம்மஞ்சளைப் புள்ளிக்கு மட்டும் விட்டேன். அவர் அரைமனதோடு சம்மதித்தார். பலகை இப்போது வர்ணம் பூசுபவரிடம் இருக்கிறது.